கறுப்பு மரத்தில் ஒரு யாழ்

டப்ளின் நகரத்துக் கடையொன்றில் யாழ் வடிவத்தில் ஒரு கறுப்பு புரூச் கண்ணைப் பறித்தது. "கருங்காலியா?" என்றேன். கடைக்கார அம்மாள் சிரித்துவிட்டாள்.

"ஓக் மரம், ஐயா! பல்லாயிரம் வருஷம் சதுப்பு நிலத்தில் புதைந்து கிடந்தது."

அயர்லாந்தின் சதுப்புக்குள் காற்றுப் புகாது; மரம் மக்காது. மரத்தின் துவர்ப்பும் தண்ணீரிலுள்ள இரும்பும் சேர்ந்து அதைக் கறுப்பாக்கிவிடுகின்றன. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சுவார்களே, அதே வித்தைதான்! 1861-ல் கணவர் ஆல்பர்ட் மறைந்தபின் விக்டோரியா ராணி கடைசிவரை கறுப்பே உடுத்தினார். ஊரும் கறுப்பு நகை பூண, இந்த மரத்துக்கும் யோகம் அடித்தது.

விலை கேட்டு மலைத்துப்போய், அடுத்த தெருவில் பாதி விலைக்கு இரண்டு வாங்கினேன். விடுதி விளக்கடியில் பார்த்தால், இரண்டின் ஓரத்திலும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு! அச்சில் வார்த்த சரக்கு. மறுநாள் அசடு வழிய முதல் கடைக்கே போனேன்.

"மரமென்றால் ரேகை இருக்கும், ஒன்றைப்போல் இன்னொன்று இராது" என்று அம்மாள் காட்டினாள். ஈரக் கட்டையை அவசரமாக உலர்த்தினால் வெடித்துவிடுமாம்; அதற்கே வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எரிபொருளுக்காகச் சதுப்பு மண்ணை வெட்டும்போது அகப்படும் கட்டைகள் இவை. அரசு நிறுவனம் அந்த வெட்டை 2021-ல் நிறுத்திவிட்டது.

பேரம் பேசாமல் வாங்கினேன்.

"இத்தனை தூரம் போய்க் கறுப்பையா வாங்கி வந்தீர்கள்?" என்றாள் மனைவி. கடுக்காய்க் கதையைச் சொன்னேன். இப்போது கல்யாணத்துக்கும் அதைத்தான் குத்திக்கொள்கிறாள். அந்தப் பாதி விலை இரட்டையர், குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டியில்!