விதை ரூமில் புகுந்த மழைக்காற்று

விதை உளுந்துக்குக் காற்றோட்டம் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதனால் ரூம் கட்டியபோது தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தைப் பூசாமல் விட்டேன். சித்திரையில் காயவைத்துக் கட்டியது 4 மூட்டை. தையில், நெல் அறுப்புக்கு முன்னால் தெளிக்க எடுத்தபோது, அம்மா சொன்னாரே என்று ஈரச்சாக்கில் 100 விதை போட்டுப் பார்த்தேன். முளைத்தது 38. குறைந்தது 75 முளைக்க வேண்டும். கடன் வாங்கி வெளி விதை வாங்கினோம்.

அடுத்த ஐப்பசியில் ஒரு விடியற்காலை ரூமைத் திறந்தபோதுதான் புரிந்தது. ராத்திரி முழுக்க உள்ளே புகுந்த மழைக்காற்றின் ஈரம், குளிர்ந்த தகரத்தில் முத்துமுத்தாகக் கோத்து மூட்டை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் பாலிதீன் தாளை ஒட்டி ஒரு நாள் விட்டேன். அதன் அடியிலும் நீர். தரையும் ஈரம் ஏற்றுகிறது!

"ஓட்டையை அடைச்சா உள்ளே புழுங்கிடும் தம்பி" என்றார் கொத்தனார். "பரவாயில்லைண்ணே, பூசுங்க" என்றேன். கதவின் அடியில் பழைய டியூபை வெட்டி ஆணி அடித்தேன். தரையில் பாலிதீன், மேலே பலகை, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி மூட்டை. நல்ல வெயிலடிக்கும் மதியத்தில் மட்டும் கதவைத் திறப்பேன். விதையை 9 சதவிகித ஈரத்துக்குக் காயவைக்காவிட்டால் இத்தனையும் வீண்தான்.

இந்தத் தையில் 100-க்கு 86 முளைத்தது. அம்மா மட்டும், பானையும் சாம்பலுமே போதும் என்கிறார்.