கூட்டாளிகள் வந்த வழி

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பணித்தபோது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுதக் கருதியிருந்தோம். அவற்றை எம்மினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், சென்ற ஆண்டு மதுரங்குளியில் எமது இல்ல முற்றத்தில் நிகழ்ந்த ஒன்றை எழுதத் துணிந்தோம்.

எம்மிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன் தாயுடன் வந்தான். திரைப்படங்களில் வெள்ளமும் தீயும் பறக்கும் மாந்தரும் கணினியால் ஆக்கப்படுகின்றனவன்றோ? அம்மாயக் காட்சிகளுக்கு வேண்டும் மென்பொருளை ஆக்கும் தொழிலை, நண்பர் இருவருடன் கூடிக் கொழும்பில் தொடங்க விரும்பினான். முதலுக்குத் தாயின் ஒன்றரை ஏக்கர் தென்னங்காணியை ஈடுவைக்க வேண்டுமாம்.

"நீங்கள் சொன்னாற் கேட்பான், சேர். வேண்டாமென்று சொல்லுங்கோ" என்றார் அம்மையார்.

யாமோ இத்துறையில் ஏதும் அறியோம். ஆயினும், இதில் வென்றோர் முன்னர் என்ன தொழில் செய்தனர் என்பதை அறியாது தடுத்தல் தகாதெனக் கருதி, ஒரு வாரத் தவணை கேட்டோம்.

முதலிற் கண்டது கனடாவின் கதை. ரொறன்ரோவில் ஒம்னிபஸ் என்னும் கணினி வரைகலை நிறுவனம் 1987 இல் முறிந்தது. அங்கே பணியாற்றிய கிம் டேவிட்சன், கிரெக் ஹெர்மனோவிக் என்னும் இருவரும் அவ்வாண்டிலேயே சைட் எஃபெக்ற்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1996 இல் வெளிவந்த இவர்களின் ஹூடினி மென்பொருளே இன்று திரையிற் காணும் புகைக்கும் வெள்ளத்துக்கும் பெரிதும் உதவுவது. ஹெர்மனோவிக் அதற்கு முன்னர், விண்ணோடத்தின் இயந்திரக் கைக்கு முன்னோடியான ஒத்திகைப் பொறிகளில் உழைத்தவராம். விண்வெளிக்குக் கற்றது வெள்ளித்திரைக்கு உதவிற்று!

எம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தவர்கள் வேறிருவர். மகேஷ் ராமசுப்ரமணியன் ட்ரீம்வேர்க்ஸ் நிறுவனத்தில், 2012 இல் வந்த மடகாஸ்கர் மூன்றாம் படத்துக்கு மாயக்காட்சி மேற்பார்வையாளர். கிரண் பட் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, இண்டஸ்ட்ரியல் லைற் அன்ட் மஜிக்கில் நடிகரின் முகபாவங்களைக் கணினி உருவுக்கு மாற்றும் முறையை ஆராய்ந்தவர். அதற்காக 2017 இல் ஒஸ்கார் கழகத்தின் தொழினுட்ப விருதைப் பிறருடன் பகிர்ந்தவர். இவ்விருவரும் 2016 இல் லூம் என்னும் நிறுவனத்தைக் கூடித் தொடங்கினர். ஒரேயொரு புகைப்படத்திலிருந்து, சிரிக்கவும் சினக்கவும் வல்ல முப்பரிமாண முகத்தை ஆக்குவது அவர்தம் மென்பொருள். 2020 இறுதியில் ரொப்லொக்ஸ் அதனை வாங்கிக்கொண்டது. ஒருவர் படம் முடிக்கும் பொறுப்பைச் சுமந்தவர். மற்றவர் முகத்தைக் கணிதமாக்கப் பயின்றவர்.

எமக்கு எதிர்க்கரையான தூத்துக்குடியிற் பிறந்த கொட்டலாங்கோ லியோனும், சோனியின் இமேஜ்வேர்க்ஸ் நிறுவனத்து மென்பொருளுக்காக 2016 இல் அவ்வகை விருது பெற்றார். அவர் கூட்டு வணிகரல்லர். எனினும் எம் கடலுக்கு அப்பால் என்ற மகிழ்ச்சியில் இங்கு குறித்தோம்.

இவற்றைப் படிக்குந்தோறும் எமது பழைய அச்சகம் நினைவில் எழுந்து வருத்திற்று. பதினைந்து ஆண்டுகளின் முன், யாமும் எம் போன்ற இன்னொரு தமிழாசிரியரும் கூடி நடத்தியது அது. பிழை திருத்த இருவர் இருந்தோம். கடன் தண்ட ஒருவருமிலர். ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு கலியாண அழைப்பிதழில் இரண்டு நாள் வாதிட்டதுண்டு. முகூர்த்தம் எமக்காகக் காத்திருக்கவில்லை. பயிற்சிக் கலாசாலையிலும் பேரேடு எழுத எம்மை எவரும் பழக்கவில்லை. இரண்டாம் ஆண்டில், மனைவியாரின் காப்புடன் அச்சகமும் போயிற்று. நண்பரும் எம்முடன் பேசுவதை விட்டார்.

தவணை முடிந்து இருவரும் வந்தபோது, "உன் கூட்டாளிகள் முன்பு என்ன வேலை செய்தவர்கள்?" என்று மட்டுமே கேட்டோம். அவன், ஆறாண்டுகள் படத்துக்குப் படம் உருவங்களின் ஓரம் வரைந்து பிரித்தெடுத்தவன். எக்கருவி இல்லாது கண் நோகிறது என்பதை அறிவான். இரண்டாமவன் கணினி நிரல் எழுதுபவன். மூன்றாமவன் தும்பாலையொன்றின் கணக்குப்பிள்ளை.

"தும்பாலைக்காரனுக்குப் படத்தில் என்ன வேலை?" என்று அம்மையார் சினந்தார்.

எமக்கோ அம்மூன்றாமவனைக் கேட்ட பின்னரே மூச்சு வந்தது. எமது அச்சகத்தின் கதையை, காப்பு உட்பட, முழுவதும் சொன்னோம். அம்மையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், அரை ஏக்கர் மட்டும் தருவதாகவும், கணக்குப்பிள்ளை மாதந்தோறும் வந்து கணக்கைத் தம்மிடம் வாசித்துக் காட்ட வேண்டுமென்றும் சொன்னார். அடுத்த கிழமை ஈட்டு உறுதியில் எம்மைச் சாட்சியாக ஒப்பமிடச் சொன்னார்கள். இட்டோம், கை சற்று நடுங்கிற்று.