நிலுவையில் வைக்க முடியாத உரிமை



அரசு நிதி நிறுத்தப்பட்டது என்ற செய்தியை நாளிதழில் படிக்கும்போது, அது கோடிகளைப் பற்றிய செய்தியாகவே நமக்குத் தோன்றுகிறது. எங்கள் மஹல்லாவில் அது பதினோரு வயதுச் சிறுவன் ஒருவனின் கணுக்காலைப் பற்றிய செய்தி.

அவனுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். அறிவு வளர்ச்சியும் வயதுக்கு ஏற்ப அமையவில்லை. அவனுடைய அக்கா என் மக்தபில் ஓதுகிறாள். அவளை அழைத்துச் செல்ல வரும் தாயார் சக்கர நாற்காலியில் இவனையும் கொண்டுவந்து வாசலருகே நிறுத்துவார். பிள்ளைகள் சேர்ந்து ஓதும்போது இவனும் தலையை அசைப்பான். ஓசை நின்றால் முகம் சுருங்கிவிடும்.

பள்ளிக்கு வர இயலாத இத்தகைய பிள்ளைகளுக்கென்று ஓர் ஏற்பாடு உள்ளது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் சிறப்பாசிரியர் வீட்டிற்கே வந்து பயிற்சி தருவார். வட்டார வள மையங்களில் இயன்முறை சிகிச்சை கிடைக்கும். உடன் அழைத்துவரும் தாய்க்குப் பயணப்படியும் உண்டு. இத்திட்டத்தின் செலவில் 60 விழுக்காடு ஒன்றிய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டிற்கு வரவேண்டிய ஒன்றிய அரசின் பங்கு, ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய், வரவில்லை. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததும், அதனோடு பிணைந்த தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததுமே பிணக்கு. மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து ஈடு செய்வதாக 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது.

கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. என் கண்ணில் பட்டது வேறொன்று. அந்த வழக்கில் மாநிலம் கோரிய தொகை 2,291 கோடி ரூபாய். கூடுதலாக இருப்பது, தாமதத்திற்கு 6 விழுக்காடு என்று கணக்கிட்ட வட்டி. (வட்டியைப் பற்றி நம் மார்க்கம் சொல்வது உங்களுக்குத் தெரியும், அது இங்கே பேச்சன்று.) பணம் தாமதமானால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளையின் உடம்பில் கழிந்த மாதங்களுக்கு எந்த ஏட்டில் கணக்கு எழுதுவது?

அந்தக் கல்வியாண்டில் எங்கள் பகுதிக்கு வந்துகொண்டிருந்த இயன்முறை சிகிச்சையாளருக்கு ஊதியம் உரிய நாளில் வரவில்லை. பேருந்துக் கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கொடுத்து எத்தனை வாரம்தான் வருவார்? வருகை குறைந்தது, பிறகு நின்றது. "இந்த வாரமும் டீச்சர் வரலை ஹஜ்ரத்" என்று அந்தத் தாயார் சொல்வார். குரலில் குற்றச்சாட்டு இராது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு என்பதை இவர் அறிவார்.

வளரும் வயதில் எலும்பு நீளும் வேகத்திற்கு, விறைத்த தசை நீள்வதில்லை. அதனால்தான் இப்பிள்ளைகளுக்கு ஓயாத பயிற்சி வேண்டும். கேலிப்பரைப் பார்த்துப் பார்த்து அளவு மாற்ற வேண்டும். அந்த இடைவெளியில் இவனுடைய கேலிப்பர் சிறியதாகிவிட்டது. புண் வந்ததால் தாயார் கழற்றி வைத்தார். மீண்டும் சிகிச்சையாளர் வந்தபோது குதிகால் தரையில் படவில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். சிகிச்சையாளருக்கு நிலுவை ஊதியம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கணுக்காலுக்கு நிலுவை வழங்குவார் இல்லை.

அறிவு முதிராதவர் மீது மார்க்கக் கடமைகள் எழுதப்படுவதில்லை என்று மக்தபில் கற்பிக்கிறோம். அதன் மறுபக்கத்தை நாம் போதிய அளவு பேசுவதில்லை. அவர்மீதிருந்து கடமைதான் நீங்குகிறது. அவருக்குரிய ஹக்கு நீங்குவதில்லை. அந்த ஹக்கை நிறைவேற்றும் பொறுப்பு மற்றவர் தோளில் ஏறுகிறது. ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். சிந்தையில் சற்றுக் குறை உடைய ஒரு பெண் தமக்கு ஒரு தேவை இருப்பதாக நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். எந்தத் தெருவில் நின்று பேசலாம் என்பதை அப்பெண்ணின் விருப்பத்திற்கே விட்டார்கள் நபியவர்கள். தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். இடத்தைத் தேர்ந்தவர் அப்பெண். நேரத்தை முடித்தவரும் அவரே. வீடு தேடி வரும் சிறப்பாசிரியரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த ஹதீஸ்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

"நம் பைத்துல்மால் இருக்கிறதே, நாமே பார்த்துக்கொள்ளலாமே" என்று ஜமாஅத் பெரியவர் ஒருவர் கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். வள மையத்திற்குச் சென்றுவர ஆட்டோ கட்டணத்தைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தோம், இன்றும் கொடுக்கிறோம். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரை மாதாமாதம் ஊதியம் கொடுத்து, பல ஆண்டுகள் அமர்த்திவைக்க எங்கள் சிறிய மஹல்லாவால் இயலாது. ரமழானில் சேரும் ஜகாத் பெரும்பாலும் ஷவ்வாலுக்குள் பங்கிட்டு முடிந்துவிடும். மேலும், எங்கள் தெருவுக்கு ஒரு பைத்துல்மால் இருக்கிறது. அடுத்த ஊரில், எந்த ஜமாஅத்தையும் சேராத ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? உமையா ஆட்சியாளர் வலீத் இப்னு அப்துல் மலிக் நடக்க இயலாதோருக்குப் பணியாளரையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் பொதுக் கருவூலத்திலிருந்து அமர்த்தினார் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அண்டை வீட்டாரின் இரக்கத்திடம் மட்டும் அவர்கள் ஒப்படைக்கப்படவில்லை.

நம் குடும்பங்களில் அரசிடம் கேட்பதற்கு ஒரு கூச்சம் இருக்கிறது. இத்தகைய பிள்ளையை வெளியே காட்டுவதற்கும் கூச்சம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, அந்தச் சுமை முழுவதையும் தாயின் முதுகில் ஏற்றிவிடுகின்றன. 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் சான்றளிக்கப்பட்ட பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி 2016ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. இந்தச் சிறுவனுக்கு அதில் ஏழு ஆண்டுகளே மீதமிருக்கின்றன.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்தத் தாயார் மனு கொடுத்தார். எழுதிக் கொடுத்தவன் நான். தொகை எதுவும் அதில் கேட்கவில்லை. எந்தக் கிழமையில் சிகிச்சையாளர் வருவார், அவர் வர இயலாவிட்டால் அவருக்குப் பதிலாக யார் வருவார் என்பதை எழுத்தில் தருமாறு மட்டும் கேட்டிருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. உங்கள் மஹல்லாவில் இத்தகைய பிள்ளைகள் இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலோடு உங்கள் பள்ளி இமாமிடமோ மக்தப் ஆசிரியரிடமோ செல்லுங்கள். மனு எழுத அரை மணி நேரம் போதும்.