நிற்கத் தெரிந்த வண்டி

பழைய வண்டியைப் பார்த்தால் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஓடுமா?" நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்வியே தப்பு என்று எனக்குப் புரிய, ஒரு ரயில்வே கேட் வரைக்கும் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் ஜீயபுரம். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரிக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்து நம்பெருமாளே புறப்பட்டு வந்து தங்கிப் போகும் ஊர். எங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஊர் ஊராகத் தங்கிப் பழகிய ஒன்று நின்றுகொண்டிருந்தது. பெரியப்பாவின் 1991 மாடல் மேட்டடார் வேன்!

ஜெர்மனியின் ஹனோமாக் வடிவமைப்பை வைத்து பஜாஜ் டெம்போ நிறுவனம் நம் நாட்டில் தயாரித்த வண்டி அது. முன் சக்கரத்தில் இழுப்பு. பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாப்ட் கிடையாது. அதனால் தளம் தாழ்வு, உள்ளே இடம் தாராளம். பெரியப்பா நாடகக் குழு வைத்திருந்த காலத்தில் அதில் இரண்டு பலகைக் கட்டில், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தண்ணீர்க் குடம். விடிய விடிய வள்ளி திருமணம் ஆடிவிட்டு அதிலேயே தூங்கி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு அடுத்த ஊர் போவார்கள். 'மோட்டார் ஹோம்' என்ற பேரெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. 1982-ல் என்.டி. ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனைப் புதுப்பித்து 'சைதன்ய ரதம்' என்று ஆந்திரா முழுக்கச் சுற்றினாரே, அதைச் சொல்லி, "நம்மளது ஏழை ரதம்டா" என்று பெரியப்பா சிரிப்பார்.

குழு கலைந்தது, வண்டி பல வருடம் கொட்டகையில் கிடந்தது. பெரியம்மாவுக்கு ராமேஸ்வரம் போக ஆசை. முழங்கால் வலியால் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார முடியாது. "நம்ம வேன்ல படுத்துக்கிட்டே போயிடலாமே" என்றார். ஆட்டோமொபைல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் மார் தட்டினேன். "என்கிட்ட விடுங்க பெரியப்பா!"

விட்டார். கையில் பணமும் கொடுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்.இ.டி. விளக்கு, இரண்டு ஃபேன், ஸ்பீக்கர், புது மெத்தை, கூரை மேல் 150 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். வண்டி மணப்பெண் மாதிரி ஜொலித்தது. பேட்டரி மாற்றினேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன், ஏர் எடுத்தேன், ஸ்டார்ட் ஆனது. பிரேக்? பெடலை மிதித்தேன், கெட்டியாக இருந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு காதுகுத்துக்கு எல்லோரும் கிளம்பினோம். வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் ஒரு ஆட்டோ, குழந்தைகளோடு. பெரியப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரை போனது. வண்டி போய்க்கொண்டே இருந்தது! ஒரு வார்த்தை பேசாமல் மூன்றாவது கியர், இரண்டாவது கியர் என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சாலையோர மண்ணில் இடது சக்கரத்தை ஏற்றி நிறுத்தினார். ஆட்டோவுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

பின்னால் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "ஏம்ப்பா, ஃபேன் எல்லாம் நல்லாத்தான் ஓடுது... வண்டி நிக்க மாட்டேங்குதே?"

அந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம் கட்டியவன் நான்தான்.

பெரியப்பா திட்டவில்லை. அடுத்த நாள் முக்கொம்புக்குக் கூட்டிப் போனார். "1838-ல கட்டி முடிச்ச மேலணை. 2018 ஆகஸ்ட்டுல வெள்ளம் வந்தப்போ கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகு போச்சு. தண்ணி இல்லாதப்போ எல்லா மதகும் நல்லா இருக்கிற மாதிரிதான்டா தெரியும். நீ பெடலை எப்போ மிதிச்சுப் பார்த்தே? வண்டி நிக்கிறப்போ!" என்றார். அன்று மாலை ஒரு தாளில் அவர் எழுதிக் கொடுத்த வரிசை இது: முதலில் நிற்க, அடுத்து திரும்ப, பிறகு சூடாகாமல் ஓட, பிறகு மின்சாரம், கடைசியில்தான் சொகுசு.

அந்த வரிசையில் ஆரம்பித்தோம். பின் இடது வீல் சிலிண்டர் ரப்பர் நைந்து ஆயில் கசிந்திருந்தது. எல்லாச் சக்கரத்துக்கும் ரப்பர், ஹோஸ் மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த அளவு 140 வரை இறங்கிவிடலாம். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டயரில் பட்டன் தேயவில்லையே என்று நினைத்தேன். பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் '2312' என்றிருந்தது. 2012-ன் 23-ஆவது வாரம்! அவற்றையும் மாற்றினோம்.

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தோம். யாரோ ஒரு காலத்தில் 'சூடாகாமல் இருக்க' தெர்மோஸ்டாட்டையே பிடுங்கியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும். தேய்மானமும் டீசல் செலவும் கூடும். திரும்ப மாட்டினோம். செல்ஃப் சோம்பலாகச் சுற்றியதற்குக் காரணம் பேட்டரி இல்லை, எர்த். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை வைத்தால் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 1.2 வோல்ட் வீண். துரு தேய்த்து முடுக்கியதும் 0.2! ஃபேனுக்கும் விளக்குக்கும் தனி பேட்டரி, நடுவில் ரிலே. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடினாலும் காலையில் வண்டி எழுந்திருக்கும்.

கூரை டேங்கை இறக்கினேன். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. தலைப்பாரத்தோடு வளைவில் திரும்பினால் சாயும். 60 லிட்டர் டேங்க் ஒன்றைத் தளத்தில், சக்கரங்களுக்கு நடுவே கட்டினோம். பாடியை வெட்டவில்லை, கட்டில்கள் போல்ட் கழற்றினால் வெளியே வந்துவிடும். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறதே! மெத்தை மட்டும் பழையபடி. ஸ்பீக்கரை விற்றுத்தான் டயர் காசில் பாதியைச் சமாளித்தேன்.

பங்குனியில் பெருமாள் வந்து போன மறுவாரம் கிளம்பினோம். ராமேஸ்வரம் சுமார் 250 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தது. சார்ஜ் விளக்கு எரிந்ததுமே பெரியப்பா ஓரங்கட்டினார். உபரி பெல்ட்டும் ஸ்பேனரும் சீட்டுக்கடியில் தயார். இருபது நிமிடத்தில் மாட்டிவிட்டேன். அவ்வளவு நேரமும் பெரியம்மா நல்ல தூக்கம். பாம்பன் பாலத்தில்தான் எழுப்பினோம். கடலைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் எனக்குக் கிடைத்த சான்றிதழ்.

நண்பர்களே, நாளை நம்மிடம் ஒரு பழைய வண்டியை ஒப்படைப்பவர்கள் அதன் பளபளப்பைத்தான் கேட்பார்கள். அதன் உள்ளே படுத்து வரப்போகிறவர் யார் என்பதை நாம்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். முதலில் நிற்கட்டும். பிறகு ஓடட்டும். பாட்டு அப்புறம் பாடிக்கொள்ளலாம்!