"போதும்!" என்று சொல்லத் தெரியாத விருந்தாளி

பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பரிமாறுவதில் ஒரு சௌகரியம் உண்டு. வயிறு நிறைந்ததும் இலைக்கு மேல் கையை நீட்டி, "போதும், போதும்!" என்று அவரே சொல்லிவிடுவார். பாட்டரிக்கு, பாவம், கையும் இல்லை, வாயும் இல்லை. அது நிறைந்துவிட்ட சங்கதி சார்ஜருக்கு எப்படித்தான் தெரிகிறது?

குழந்தையின் பொம்மைக் காரிலும் டார்ச் லைட்டிலும் போடுகிறோமே, விரல் பருமனில், அந்த ரீசார்ஜ் பாட்டரிகளைத்தான் சொல்கிறேன். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று நீளமான பெயர். பெயர் கிடக்கட்டும், குணத்தைப் பார்ப்போம்.

அதன் மேல் 1.2 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். மின்சாரம் ஏற ஏற வோல்ட் மெல்ல உயர்ந்து 1.4, 1.5 என்று போகும். 'இன்ன அளவு வந்ததும் நிறுத்திவிட்டால் போயிற்று' என்கிறீர்களா? அதுதான் முடியாது. பாட்டரியின் வயது, அறையின் உஷ்ணம், மின்சாரம் ஏற்றும் வேகம் இவற்றைப் பொறுத்து உச்சி மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் உச்சி என்று ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் சரிவும் இருக்க வேண்டும் அல்லவா? பாட்டரி நிறைந்தபின் வரும் மின்சாரம் உள்ளே தங்க இடமில்லாமல் வெப்பமாக மாறுகிறது. சூடு ஏறியதும் வோல்ட் ஒரு பொட்டு இறங்குகிறது. எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு வோல்ட்டை 1000 கூறாக்கினால், அதில் சுமார் 5 கூறு! அந்தக் கடுகளவு இறக்கத்தைக் கண்டதும் கெட்டிக்கார சார்ஜர் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. மிக மெதுவாக ஏற்றினால் இந்த இறக்கம் சரியாகத் தெரியாமலே போய்விடலாம். அதனால் நல்ல சார்ஜர்களில் சூட்டைக் கவனிக்க ஒரு காவல், கடிகாரம் ஒரு காவல் என்று மேலும் இரண்டு வைத்திருப்பார்கள்.

மலிவான சார்ஜர் பலவற்றுக்கு இந்த விவரமெல்லாம் கிடையாது. பாதி நிறைந்த பாட்டரிக்கும் காலி பாட்டரிக்கும் ஒரே உபசாரம்தான். திணித்துத் திணித்துச் சூடேறினால் பாட்டரியின் ஆயுள் குறையும். ஜோடியாக ஏற்றுகிற சார்ஜரிலோ, ஒன்று நிறைந்து மற்றது அரை வயிற்றோடு வெளியே வருவதும் உண்டு.

'அற்பப் பாட்டரிக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என்று சிரிக்காதீர்கள். எங்கள் அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ராத்திரி கரண்ட் போனால் தலைமாட்டில் இருக்கும் டார்ச்தான் அவருக்குக் கண். கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே இரண்டு படி இருக்கிறது. டார்ச் பாதி வழியில் மங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால், சார்ஜர் வாங்கும்போது ஒவ்வொரு பாட்டரிக்கும் தனித்தனி விளக்கு இருக்கிறதா, ஒவ்வொன்றும் நிறைந்ததும் தானாக நிற்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். ரீசார்ஜ் என்று போடாத சாதாரண பாட்டரியை அதில் வைக்கவே வைக்காதீர்கள். கசியும், வெடித்தாலும் வெடிக்கும். கடைசிக் கட்டத்தில் பாட்டரி வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால், முதலில் சுவிட்சை அணையுங்கள். அந்தச் சார்ஜர் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.