லீவு கேட்கும் தோழி

அமெரிக்காவில் நான் படிக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு யூதத் தோழியும் என்னோடு பகுதிநேர வேலை பார்க்கிறாள். செப்டம்பர் வந்தாலே லீவு கேட்பாள். "எத்தனை பண்டிகைதான் இவளுக்கு!" என்று நானும் முணுமுணுத்ததுண்டு.

ஒருநாள் எண்ணிச் சொன்னாள். ரோஷ் ஹஷானா 2, யோம் கிப்பூர் 1, சுக்கோத்தும் அதன் முடிவும் சேர்த்து 4, பஸ்கா 4, ஷாவுவோத் 2. இஸ்ரேலுக்கு வெளியே, ஆசாரமானவர்கள் வருடத்தில் 13 நாள் வேலை செய்யக்கூடாது.

"போன வருஷம் வேறு தேதி சொன்னாயே?" என்பார் மேலாளர். நிலாக் கணக்கு என்று வருடாவருடம் விளக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு யாரும் கேட்கவே வேண்டாம். 1870-லேயே சட்டம் போட்டு அரசு விடுமுறை ஆக்கிவிட்டார்கள்.

அட, தீபாவளிக்கு நானும் இதே விளக்கம்தானே சொல்கிறேன்! இந்த முறை யோம் கிப்பூருக்கு அவள் ஷிப்டை நான் பார்த்தேன். தீபாவளிக்கு என்னுடையதை அவள் பார்ப்பாள்.