தண்ணி நிக்குமாங்க?

ஐப்பசி பொறந்துட்டா காலையில ஏரிக்கரை வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்தாத்தான் எனக்கு சோறு இறங்கும். கலங்கல்ல தண்ணி வழியுதா, மதகுல கசிவு இருக்குதா, வரத்துக் கால்வாய்ல எவனாவது மண்ணைக் கொட்டி வெச்சிருக்கானா, இதையெல்லாம் பார்க்கணும். எங்க ஊரு வந்தவாசி பக்கம். ஆறு கிடையாது, ஏரிப் பாசனம்தான். அதனால தண்ணி எங்கருந்து வரும், எங்க போகும், எங்க தங்கும்னு சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். இந்தப் புத்தியோடதான் நான் 2017ல மெட்ராஸுக்கு வீடு பார்க்கப் போனேன்.

வீடு எனக்கு இல்ல, என் பொண்ணுக்கு. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளும் மாப்பிள்ளையும் ரெண்டு பேருமே பழைய மாமல்லபுரம் ரோட்டுல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. பள்ளிக்கரணையில ஒரு அடுக்குமாடியில தரைத்தளத்துல ரெண்டு பெட்ரூம் வீடு பார்த்திருந்தாங்க. 44 லட்சம். பேங்க் லோன் போக கையில ஒன்பது வேணும், அதுல நாலு நான் தர்றதா பேச்சு. அந்த வருஷம் மழையே இல்லாத வருஷம், வேர்க்கடலை போட்ட காசு கூடத் திரும்பல. நாலு லட்சம்னா மேட்டுக்கொல்லையில அறுபது சென்ட்டை வித்தாத்தான் உண்டு. அதுக்கும் சரின்னுதான் சொல்லிட்டேன். ஒரு தடவை இடத்தைப் பார்த்துட்டு வந்துடறேன்னேன். "என்னப்பா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"ன்னா பொண்ணு. நம்பிக்கை இல்லாம இல்ல. மாடு வாங்கினாலே பல்லைப் புடிச்சுப் பார்க்கிறோம்.

போனது சித்திரை மாசம். இது முதல் தப்பு, உங்களுக்கும் சொல்றேன், சித்திரையில யாரும் வீடு பார்க்காதீங்க. சித்திரையில எல்லா நிலமும் நல்ல நிலம்தான். கார்த்திகையில போய்ப் பார்க்கணும், அதுவும் மழை விட்ட மறுநாள்.

வீடு என்னவோ நல்லாத்தான் இருந்தது. புதுப் பெயின்ட், டைல்ஸ், லிஃப்ட். மாப்பிள்ளை ஒவ்வொரு ரூமா காட்டினாரு. பஸ் ஸ்டாப்பு பக்கம், வேளச்சேரி ரயில் பக்கம், ஆபீஸுக்கு அரை மணி நேரம்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. நான் வீட்டைவிட வெளியிலதான் அதிகம் பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஒரு காலி மனை. அதுல கோரை காய்ஞ்சு நிக்குது, ஓரத்துல நீர்முள்ளி. பஞ்ச வருஷத்துல, சித்திரை வெயில்ல, கோரை வேரோட நிக்குதுன்னா அடியில என்ன இருக்கும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. தெருவில இருந்த பழைய வீடுகளைப் பார்த்தேன். ரோட்டிலருந்து ரெண்டு படி கீழ இறங்கித்தான் உள்ள போகணும். ரோட்டை மேல மேல போட்டு ஒசத்திட்டாங்க, வீடு அங்கயே இருக்குது. ஒரு வீட்டுல கரண்ட் மீட்டர் பெட்டியைக் கழுத்தளவு உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருந்தாங்க. பழைய இடத்துல ஆணி அடிச்ச ஓட்டை அப்படியே இருந்தது. இடுப்பளவுல இருந்ததைக் கழுத்தளவுக்கு ஏத்த ஒருத்தனுக்கு ஒரு காரணம் இருந்திருக்கணும் இல்லையா?

மாப்பிள்ளை கிட்ட ஒண்ணும் சொல்லல. டீ குடிச்சுட்டு வர்றேன்னு தெருமுனைக்குப் போனேன். வேப்பமரத்தடியில தள்ளுவண்டி போட்டு ஒருத்தர் துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தாரு, என் வயசுதான் இருக்கும். ஊர் எது, மழை உண்டான்னு பேச்சுக் கொடுத்தோம். அவரும் செய்யாறு பக்கத்துக்காரரு. அப்புறம் கேட்டேன், "அண்ணே, இங்க தண்ணி நிக்குமா?"

அவரு உடனே பதில் சொல்லல. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாரு. அவரு பொழப்பே அந்த ஃப்ளாட்டுக்காரங்க துணியிலதான். பெட்டியை நிமித்தி வெச்சுட்டு மெதுவா சொன்னாரு, "பதினஞ்சுல இந்த வண்டி இங்க மிதந்துச்சுங்க. நான் நாலு நாள் மாடியில இருந்தேன். பொண்ணுக்குன்னா தரைத்தளம் வேணாங்க."

அவ்வளவுதான்.

2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததும் அடையாறு கரையில முடிச்சூர், வரதராஜபுரம், ஜாஃபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முழுகினதும் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். பள்ளிக்கரணைக்கும் அந்த ஆத்துக்கும் சம்பந்தம் இல்ல. அது தனிக் கதை. தென்சென்னையைச் சுத்தி இருக்கிற ஏரிங்க நிரம்பி வழியிற தண்ணி வந்து தங்குற இடம் அது. அந்தக் காலத்து ஆளுங்க அதைக் கழுவெளின்னு சொல்லுவாங்க. அங்கருந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் கோவளத்துப் பக்கம் கடல்ல சேரணும். எங்க ஊர்ல எல்லா ஏரிக்கும் கடைசி ஏரி ஒண்ணு இருக்கும் இல்ல, அந்த மாதிரி. கடைசி ஏரிக்குள்ள எவனாவது வீடு கட்டுவானா? குப்பை கொட்டினாங்க, ரோடு போட்டாங்க, வீடு கட்டினாங்க. மிச்சம் இருக்கிறதை 2022ல ராம்சர் பட்டியல்ல சேர்த்தாங்க, அதுவரைக்கும் நல்லதுதான்.

நகரத்துல பாதி இடம் அப்படித்தான்னு நீங்க சொல்லலாம், நியாயம்தான். தி.நகர் இருக்கிற இடம் நூறு வருஷத்துக்கு முந்தி மாம்பலம் ஏரி. நுங்கம்பாக்கம் ஏரியிலதான் வள்ளுவர் கோட்டம் நிக்குது. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு இருக்குது, லேக்கைத் தேடினா கிடைக்காது. அதனால பேரை வெச்சே கொஞ்சம் புரிஞ்சுக்கலாம். ஏரி, தாங்கல், கரைன்னு பேர் இருந்தா ஒரு நிமிஷம் நின்னு கேளுங்க. இப்போ அரசாங்கத்து இணையத்துலயே அ-பதிவேடு பார்க்கலாம். நீங்க எல்லாரும் வில்லங்கம் பார்க்கிறீங்க, முப்பது வருஷம் யார் கிட்டருந்து யார் கைக்குப் போச்சுன்னு. அந்த நிலம் முன்னாடி நஞ்சையா புஞ்சையா, பக்கத்து சர்வே நம்பர் வாய்க்கால் புறம்போக்கா, ஏரியான்னு ஏன் பார்க்க மாட்டேங்கறீங்கன்னுதான் எனக்குப் புரியல. ஆளு மாறினதை எழுதி வெச்ச பத்திரம் முக்கியம்தான். ஆனா தண்ணிக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது.

சாயந்திரம் சொன்னேன், இந்த வீடு வேணாம்னு. மாப்பிள்ளை முகம் சுருங்கிப் போச்சு. ஒரு லட்சம் டோக்கன் கொடுத்திருந்தாரு, என் கிட்ட சொல்லாமலே. "மாமா, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னு சொல்றாங்க. அதுக்குப் பயந்தா மெட்ராஸ்லயே இருக்க முடியாது"ன்னாரு. பொண்ணு அழுதா. "உங்க நாலு லட்சம் இல்லன்னா பரவாயில்லப்பா, அதுக்காக கோரை, கீரைன்னு சொல்லாதீங்க"ன்னா. அந்தப் பேச்சு இன்னிக்கு வரைக்கும் எனக்குள்ள கிடக்குது. ராத்திரி பஸ் ஏறி வந்துட்டேன். டோக்கன்ல பாதிதான் திரும்பி வந்தது. ரெண்டு மாசம் பொண்ணு அவங்கம்மாவுக்கு மட்டும்தான் போன் பண்ணா.

கடைசியில பல்லாவரத்துல மலை ஓரமா, பழைய கட்டடத்துல ரெண்டாவது மாடி வாங்கினாங்க. சின்ன வீடு, லிஃப்ட் இல்ல. நான் அறுபது சென்ட்டை வித்துக் கொடுத்தேன். அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். 2019 கோடையில பொண்ணு கிட்டருந்து போன். "மேட்டுல வாங்கச் சொன்னீங்களே, குளிக்கத் தண்ணி இல்லப்பா. லாரி தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிருக்கோம்." அந்த வருஷம் சென்னைக்குத் தண்ணி கொடுக்கிற ஏரி எல்லாமே வறண்டு போச்சு, தெரிஞ்ச கதைதான். ஆனா மலையடிவாரத்துல போர் போட்டா பாறைதான் வரும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மேட்டுக்கொல்லையில நான் படாத பாடா? பள்ளத்தை மட்டும் பார்த்தேன், மேட்டைப் பார்க்க மறந்துட்டேன். இன்னொண்ணு, ஆபீஸுக்குப் போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணரை. பேரன் பொறந்தப்புறம் அந்த ரெண்டே முக்கால் மணி நேரம்தான் அவ வீட்டுல பெரிய சண்டை. நான் மிச்சப்படுத்திக் கொடுத்ததா நெனச்சது ஒண்ணு, அவ தினம் தினம் கட்டுறது வேற ஒண்ணு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் திரும்பவும் தண்ணியில. அந்த அடுக்குமாடி தெருவையும் போட்டுல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறதையும் மாப்பிள்ளை போன்ல வீடியோவா அனுப்பினாரு. கூட ஒரு வார்த்தை எழுதல. நானும் ஒண்ணும் பதில் போடல. அவங்க வீட்டுல ரெண்டு நாள் கரண்ட் இல்ல, பால் கிடைக்கல, மத்தபடி ஒண்ணும் இல்ல. உங்கப்பன் சொன்னது சரியாப் போச்சுன்னு என் வீட்டம்மா பொண்ணுகிட்ட சொன்னப்போ, போனை வாங்கி வெச்சுட்டேன். சரின்னு சொல்லிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல. ஏன்னு சொல்றேன்.

2011ல ரோட்டோரமா இருந்த என் நாப்பது சென்ட் நஞ்சையை மனை போடுறவருக்கு வித்தேன். பொண்ணு இஞ்சினியரிங் படிச்சுக்கிட்டிருந்தா, ஃபீஸ் கட்டணும். பாதிப் பணம் முதல்ல, மீதி மனை வித்ததும்னு அக்ரிமெண்ட். வெள்ளைக்கல் நட்டு, ஏதோ ஒரு 'நகர்'னு போர்டு வெச்சுட்டாங்க. எங்க ஏரியோட போக்குக் கால்வாய் அதை ஒட்டித்தான் போகுது. என் தாத்தா காலத்துலருந்து அந்தக் கழனியில நவரைக்குத்தான் நடவு, மழைக்காலத்துல முழங்கால் தண்ணி நிக்கும். ஒரு நாள் மெட்ராஸ்லருந்து ரிட்டயர் ஆன ஒரு சாரும் அவரு சம்சாரமும் மனை பார்க்க வந்தாங்க. பக்கத்துக் கழனியில நான் அண்டை வெட்டிக்கிட்டிருந்தேன். அந்தச் சார் வரப்பு வரைக்கும் வந்து கேட்டாரு, "ஐயா, இங்க தண்ணி நிக்குமாங்க?"

கூட மனைக்காரரோட ஆளு நின்னுக்கிட்டிருந்தான். எனக்கு வர வேண்டிய மீதி அவங்க கையில. "பெரிய மழைக்குக் கொஞ்சம் நிக்குங்க, வடிஞ்சிடும்"னேன்.

வடிஞ்சிடும்னு சொன்னது பொய் இல்ல. பதினஞ்சு நாள் ஆகும்னு மட்டும் சொல்லல. அவரு வீடு கட்டிக் குடி வந்துட்டாரு. 2015 மழையில அந்த அம்மாவை ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து ஸ்கூல் கட்டடத்துல உட்கார வெச்சோம். தூக்கினதுல நான் ஒருத்தன். அந்தச் சார் என்னைப் பார்த்தாரு, ஒண்ணும் கேட்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். இஸ்திரிக்காரரு வாட்ச்மேன் பக்கம் திரும்பிப் பார்த்தாரே, அப்போ எனக்கு ஞாபகம் வந்தது இந்தச் சார் முகம்தான்.

இப்போ அவரு எனக்கு நல்ல சிநேகிதம். மழை பெஞ்சா குடை புடிச்சுக்கிட்டு கால்வாய்க்கு என்கூட வர்றாரு. ஆகாயத்தாமரையை ரெண்டு பேரும் கழியால தள்ளி விடுவோம்.

போன தை மாசம் அவரு வீட்டுக்குப் பக்கத்து மனையைப் பார்க்க ஒரு பையன் வந்தான், முப்பது வயசு இருக்கும். புரோக்கர் கூடவே நின்னான். பையன் ஒண்ணும் கேட்கல, நானாப் போய்ச் சொன்னேன், இங்க பதினஞ்சு நாள் முழங்கால் தண்ணி நிக்கும்னு. புரோக்கர் இப்போ எல்லாம் என் கூட பேசறதில்ல. பையன் சிரிச்சுட்டு, "தெரியும் அங்கிள், அதனாலதான் ரேட் கம்மி. எத்தனை அடி மண்ணடிச்சா போதும்?"னு கேட்டான்.

நாலடின்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவறப்போதான் உறைச்சது, அவன் நாலடி ஏத்தினா அந்தத் தண்ணி பூரா சார் வீட்டுப் பக்கம்தான் திரும்பும். இன்னும் அவரு கிட்ட சொல்லல.